வீட்டுத் திரை தலையில் ஏறுமா?

"இனிமேல் டி.வி. எதற்கு? கண்ணாடியைப்போல் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டால் நூறு அங்குலத் திரை கண் முன்னே நிற்குமாமே!" நம் வாலிபர்கள் இப்படிப் பேசுவதைப் பெற்றோராகிய நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்ட தாய் சிரித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பியிருப்பார். தகப்பனாரோ, "முதலில் இருக்கிற டி.வி.க்குக் கேபிள் பணம் கட்டு" என்றிருப்பார். ஆனாலும் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடுவதற்கில்லை. மேஜைமேல் கிடந்த தொலைபேசி நம் கண்முன்னே சட்டைப் பைக்குள் புகுந்துவிட்டது. சுவரோரம் இருக்கும் தொலைக்காட்சி ஒருநாள் தலையில் ஏறாது என்று எவரால் உறுதி சொல்ல முடியும்? ஏறுமா, ஏறினால் நம் வீட்டில் எது மாறும் என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

அந்தக் கருவியை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். விர்ச்சுவல் ரியாலிட்டி என்பதைத் தமிழில் மெய்நிகர் உலகம் என்கிறார்கள்; சுருக்கமாக வி.ஆர். நம் இரு கண்களுக்கும் நடுவே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இடைவெளியைச் சிருஷ்டிகர் வைத்திருக்கிறார். ஆகவே ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறு கோணத்தில் காண்கிறது. மூளை அவ்விரண்டையும் இணைத்து, எது அருகில், எது தொலைவில் என்று அறிகிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டினால் தட்டையான படத்திலும் ஆழத்தை உண்டாக்கலாம் என்பதை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி செய்து காட்டினார். பொருட்காட்சிகளிலும் கடைகளிலும் விற்ற வியூ மாஸ்டர் என்ற விளையாட்டுப் பொருள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வட்டமான அட்டையைச் செருகி, கண்ணில் வைத்து, பக்கத்திலுள்ள விசையை அழுத்தினால் படங்கள் மாறும். அது 1939-இல் வெளிவந்தது. இன்றைய வி.ஆர். ஹெட்செட் அதன் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். ஒரே வேறுபாடு, இதில் தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பும். அண்ணாந்தால் வானம், குனிந்தால் தரை. இப்படித் தலையின் அசைவுக்கு ஏற்பப் படத்தை மாற்றும் கருவியை 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்ற கணினி அறிஞர் தம் மாணவர்களோடு உருவாக்கினார். தலை தாங்க முடியாத பாரமாக இருந்தபடியால் அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியதாயிற்று.

இப்போது அந்தப் பாரம் அரைக் கிலோவுக்குக் குறைந்திருக்கிறது. 2012-இல் ஆக்குலஸ் என்ற சிறு நிறுவனம் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ஹெட்செட் செய்ய முன்வந்தது. 2014-இல் ஃபேஸ்புக் அதை 200 கோடி டாலருக்கு வாங்கியது. 2021-இல் ஃபேஸ்புக் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. எதிர்காலம் முழுவதும் இந்த மெய்நிகர் உலகத்தில்தான் இருக்கிறது என்று அது நம்பியது. 2024 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் விஷன் புரோ என்ற கருவியை அமெரிக்காவில் 3,499 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,90,000 ரூபாய். அதை மாட்டிக்கொண்டு வீட்டுச் சுவரை மறைக்கும் அளவுக்குப் பெரிய திரையில் திரைப்படம் பார்க்கலாம் என்பது அதன் முக்கிய விளம்பரங்களில் ஒன்று. ஆக, தொலைக்காட்சியின் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் நம் வாலிபர்களின் கற்பனை மட்டுமல்ல. உலகின் பெரிய நிறுவனங்கள் அதற்காகப் பணத்தைக் கொட்டியிருக்கின்றன. மெட்டாவின் இந்தப் பிரிவு 2023-ஆம் ஆண்டில் மட்டும் 1,600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் கண்டது.

பெட்டி வந்த காலம்

தொலைக்காட்சி வெளியேறுமா என்று கேட்கும் முன்னர் அது எப்படி உள்ளே வந்தது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். இந்தியாவில் 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. மும்பைக்கு 1972-இலும் சென்னைக்கு 1975-இலும் வந்தது. 1982-இல் வண்ணம் பூசிக்கொண்டது. ஒரு தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், தெரு முழுவதும் அந்த வீட்டு வாசலில் இருந்தது. வீட்டாருக்கு இடமில்லாமல் போய், அவர்கள் சுவரோரம் நின்று பார்த்ததும் உண்டு. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலைகளில் இராமாயணத் தொடர் ஓடியபோது கடைவீதிகள் வெறிச்சோடின. ஞாயிறு காலை என்பது நமக்கு ஆராதனை வேளை. நம் மூத்த போதகர்கள் அந்தப் பெட்டியைக் கண்டு கலங்கியதில் வியப்பில்லை. தீமையானது எதையும் தன் பார்வைக்கு முன் நிறுத்துவதில்லை என்று தாவீது எடுத்த தீர்மானத்தை (சங்கீதம் 101:3) அவர்கள் பிரசங்க பீடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார்கள். பெட்டியை வீட்டுக்குள் சேர்க்காத பெந்தெகொஸ்தே சபையார் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை ஏளனம் செய்வது நமக்குத் தகாது. ஒரு பொருள் வீட்டுக்குள் வருமுன் "இது என்ன செய்யும்?" என்று கேட்டவர்கள் அவர்கள்தான். கைப்பேசியை வாங்கும்போது நம்மில் எத்தனை பேர் அப்படிக் கேட்டோம்?

ஊரைவிட்டு நகரத்துக்கு வந்த நமக்குத் தொலைக்காட்சியோடு இன்னொரு உறவும் உண்டு. தாராவியிலும் கோலார் தங்கவயலிலும் டில்லியிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல காலம் வேற்று மொழியையே திரையில் கேட்டன. தூர்தர்ஷனில் ஞாயிறு பிற்பகலில் ஏதோ ஒரு மாநில மொழிப் படம் வரும். தமிழின் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். 1993-இல் சன் டி.வி. தொடங்கி, செயற்கைக்கோள் வழியாகத் தமிழ் அன்றாடம் வீட்டுக்குள் வந்தபோது, அந்நிய நகரத்தில் பிறந்த பிள்ளைகளின் காதில் தாய்மொழி விழுந்தது. பிற்பாடு கிறிஸ்தவ நிகழ்ச்சிகளும் வந்தன. அதற்கும் முன்னர், 1970 முதல் 2003 வரை செஷல்ஸ் தீவிலிருந்து ஃபீபா வானொலி சிற்றலையில் நம் நாட்டு மொழிகளில் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தது. இரைச்சலுக்கு நடுவே முள்ளைத் திருப்பித் திருப்பித் தமிழ்ப் பாட்டைக் கண்டுபிடித்த அனுபவம் மூத்தவர்களுக்கு இருக்கும். தொலைக்காட்சி வந்து வானொலியைக் கூடத்திலிருந்து நகர்த்தியது உண்மை. ஆனால் வானொலி சாகவில்லை. கண் வேறு வேலையில் இருக்கும் இடங்களுக்கு, அதாவது சமையலறைக்கும் தையல் இயந்திரத்தின் பக்கத்துக்கும் ஆட்டோ ரிக்ஷாவுக்கும் போய்விட்டது. ஒரு கருவி மற்றொன்றின் இடத்தைப் பிடிப்பது பெரும்பாலும் இவ்விதமாகவே நடக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. 2020-ஆம் ஆண்டுக்கென்று பார்க் என்ற பார்வையாளர் அளவீட்டு நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் 21 கோடி வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது. பார்க்கிறவர்கள் 89 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள். ஒரு பெட்டிக்கு நாலு பேருக்கு மேல் வருகிறது. தொலைக்காட்சி என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடை எனக்குத் தெரியவில்லை. அது நாலு பேருக்கு ஒன்று. ஹெட்செட்டோ ஒருவருக்கு ஒன்று. ஐந்து பேருள்ள குடும்பம் சேர்ந்து பார்க்க விஷன் புரோ வாங்கினால் பதினாலரை லட்சம் ரூபாய். விலை மலிவான குவெஸ்ட் 3 என்ற மெட்டாவின் கருவியும் 2023-இல் 500 டாலருக்கு, அதாவது 40,000 ரூபாய்க்கு மேல் விற்றது. அதிலும் ஐந்து வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

முன்னரே தோற்றவை

விலை ஒருநாள் குறையும் என்று வாலிபர் சொல்லுவார்கள். குறையும்தான். ஆனால் விலை குறைந்தும் எடுபடாத கதைகள் இருக்கின்றன.

2023-ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் பருவத்தில் ஜியோ நிறுவனம் ஜியோடைவ் என்ற தலைக்கருவியை 1,299 ரூபாய்க்கு விற்றது. கைப்பேசியை அதனுள் செருகி, தலையில் கட்டிக்கொண்டால், 100 அங்குலத் திரையில் பார்ப்பதுபோல் ஆட்டம் தெரியும் என்றார்கள். ஒரு மாதக் கேபிள் கட்டணத்தைச் சில மடங்கு பெருக்கினால் வரும் தொகைதான். ஏழை வீட்டுக்கும் எட்டாத விலையன்று. ஆனாலும் டீக்கடையில் டி.வி.யைக் கழற்றிவிட்டு எவரும் ஜியோடைவ் மாட்டவில்லை. காரணம் எளிது. கைப்பேசி அதற்குள் அடைபட்டிருக்கும் வரை அழைப்பு வந்தால் எடுக்க முடியாது. பக்கத்தில் இருப்பவனிடம் "அது அவுட்டா இல்லையா" என்று சண்டை போட முகம் தெரியாது. அந்தச் சண்டையை எடுத்துவிட்டால் கிரிக்கெட்டில் மிச்சம் என்ன என்று ஆட்டத்தை விரும்புகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னர் 2015 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் சந்தாதாரர்களுக்கு அட்டையால் செய்த கூகுள் கார்ட்போர்டு கருவிகளைப் பத்து லட்சத்துக்கும் மேலாக இலவசமாகவே அனுப்பியது. இலவசமாக வந்ததை வாங்கியவர்கள் சில நாள் வியந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். 2021-இல் கூகுள் அதன் விற்பனையை நிறுத்தியது. 2011-இல் சோனி நிறுவனம் ஹெச்.எம்.இசட். என்ற பெயரில், திரைப்படம் பார்ப்பதற்கென்றே தலையில் மாட்டும் திரையைக் கொண்டுவந்தது. அதுவும் நிலைக்கவில்லை. அதே ஆண்டுகளில் முப்பரிமாணத் தொலைக்காட்சி என்று ஒன்று வந்ததும் நினைவிருக்கலாம். 2010-இல் பெரும் ஆரவாரத்தோடு அறிமுகமானது. பார்க்க வேண்டுமானால் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனிக் கண்ணாடி போட வேண்டும். விருந்தினர் வந்தால் கண்ணாடி போதாது. 2017-க்குள் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதைக் கைவிட்டன. ஒரு சிறு கண்ணாடியைக்கூட மூக்கின்மேல் சுமக்க மனமில்லாத மக்கள், அரைக் கிலோ கருவியை மாலை முழுவதும் சுமப்பார்கள் என்று எதிர்பார்ப்பது எப்படியென்று எனக்கு விளங்கவில்லை.

சரீரமும் ஒத்துழைப்பதில்லை. குவெஸ்ட் 3 ஏறக்குறைய 515 கிராம். முதலில் வந்த விஷன் புரோ 600 கிராமுக்கு மேல், அதன் பேட்டரியோ தனி. இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எடை முழுவதும் நெற்றியிலும் கன்னத்திலும் அழுத்துகிறது. கண்ணுக்கு வேறொரு சங்கடம். தொலைவிலுள்ள மலையைத் திரை காட்டும்போது இரு கண்களும் மலையைப் பார்ப்பதற்கு ஏற்ப விலகுகின்றன. ஆனால் கண்ணின் வில்லை எப்போதும் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்திலேயே குவிந்திருக்கிறது. சேர்ந்தே உழைக்கும்படி படைக்கப்பட்ட இரண்டு செயல்கள் இவ்விதம் பிரிக்கப்படுவதால் கண் சோர்கிறது, தலை வலிக்கிறது. குமட்டலின் காரணம் வேறு. ஊட்டி மலைப்பாதையில் பேருந்தில் அமர்ந்து புத்தகம் படித்தால் வயிறு புரட்டுமே, அதைத் திருப்பிப் போட்டது இது. பேருந்தில் காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர்கிறது, புத்தகத்தின் மேலுள்ள கண் உணர்வதில்லை. ஹெட்செட்டில் கண் அசைவைக் காண்கிறது, காது "நீ அசையவில்லையே" என்கிறது. தெளிவிலும் குறை உண்டு. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகை அகலத்தில் ஏறத்தாழ 60 புள்ளிகளைப் பிரித்தறியும். குவெஸ்ட் 3 தருவது 25 அளவில். வேத வசனத்தைத் திரையில் சிறிய எழுத்தில் போட்டால் வாசிக்கத் திணற வேண்டியதுதான்.

இவையெல்லாம் பொறியாளர்கள் ஒவ்வொன்றாய்க் குறைத்துவிடக்கூடிய குறைகள். 1968-இல் கூரையிலிருந்து தொங்கியது இன்று கைப்பைக்குள் அடங்குகிறது அல்லவா? ஆகவே "பாரமாக இருக்கிறது, ஆகையால் வராது" என்று நான் வாதிடமாட்டேன். இலேசான மூக்குக் கண்ணாடி அளவில், சில ஆயிரம் ரூபாயில், கண்வலி தராத கருவி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது தொலைக்காட்சியை அகற்றுமா?

அறையில் ஐந்து பேர், அறையில் பத்துப் பேர்

நகரத்தில் நம் குடும்பங்களில் பல ஒரே அறையில் வாழ்கின்றன. அதே அறையில்தான் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு, இரவு ஜெபம். அங்கே டி.வி. இருந்தால் எல்லாருக்கும் அது கேட்கும், எல்லாருக்கும் அது தெரியும். தாத்தா செய்தி கேட்க வேண்டும் என்பார், பேரன் கார்ட்டூன் வேண்டும் என்பான். ரிமோட்டுக்காகச் சண்டை வரும். தகாத காட்சி வந்தால் தாய் எழுந்து நிறுத்துவார், அல்லது எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தத் தர்மசங்கடமே ஒரு வேலி. இரவு ஒன்பது மணிக்குத் தகப்பனார், "போதும், ஜெபத்துக்கு உட்காருங்கள்" என்றால் ஒரே சுவிட்சில் வீடு முழுவதும் அமைதியாகும். பெட்டியை எவ்வளவு கடிந்து பேசினாலும் அது ஒரு கைக்கு அடங்கியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஹெட்செட்டில் அந்த ஒரே சுவிட்ச் இல்லை. மாட்டியிருப்பவர் எதைப் பார்க்கிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் தெரியாது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்பதும் சரியாகத் தெரியாது, கண்கள் மூடப்பட்டிருக்கின்றன. இந்தக் குறையை ஆப்பிள் நிறுவனமே உணர்ந்திருக்கிறது. விஷன் புரோவின் வெளிப்புறத்தில் இன்னொரு திரையை அமைத்து, உள்ளே இருப்பவரின் கண்களைப்போல் ஓர் உருவத்தை அதில் காட்டியது. அருகில் வருகிறவர்களுக்கு, "இவர் உங்களைப் பார்க்கிறார்" என்று தெரிவதற்காக! மனிதனின் கண்ணை மறைத்துவிட்டு, அந்தக் கண்ணின் படத்தை விலைக்கு விற்கும் நிலை வந்தது. சொந்தப் பிள்ளை ஓடிவரும்போது தகப்பனின் முகத்தில் அது காணவேண்டியது கண்ணின் படத்தையா?

யோவான் அப்போஸ்தலன் தம் இரண்டாம் நிருபத்தின் முடிவில் ஒரு காரியம் எழுதுகிறார் (2 யோவான் 12). சொல்ல வேண்டியவை நிறைய இருந்தும், காகிதத்திலும் மையிலும் எல்லாவற்றையும் எழுதிவிட அவருக்கு மனமில்லை. நேரில் வந்து முகத்துக்கு முகம் பேசினால்தான் சந்தோஷம் முழுமையாகும் என்று விரும்புகிறார். நிருபம் எழுதுவதை அவர் நிறுத்திவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் கருவியை வெறுக்கவில்லை. அதன் எல்லையை அறிந்திருந்தார்.

ஆனால் நியாயமாகப் பேசினால் மறுபக்கமும் உண்டு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் தனியாக வந்திருக்கும் சகோதரர்களை எண்ணிப் பாருங்கள். ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். படுக்கப் பாய் அகலம் இடம், பெட்டி வைக்க ஒரு மூலை. அறையில் டி.வி. இருந்தாலும் அதில் என்ன ஓட வேண்டும் என்பதை மூத்தவரோ பலசாலியோ முடிவு செய்கிறார். முழங்கால்படியிட்டு ஜெபிக்கவும் தனியிடம் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு, தலையில் மாட்டியதும் நாலு சுவரும் ஒரு ஜன்னலும் தனக்கே சொந்தமாகக் கிடைக்கிறது என்றால், அந்த ஆசையைப் பாவம் என்று சொல்ல என் நா எழவில்லை. ஹெட்செட் என்றாவது நம் மக்களிடையே பரவுமானால் இங்கிருந்துதான் பரவும் என்று நான் நினைக்கிறேன். வசதியான வீட்டுக் கூடத்துக்கு அது தேவைப்படாது. நெருக்கத்தில் தவிக்கும் தனியனுக்குத் தேவைப்படும். அந்தத் தனிமையில் எதைப் பார்ப்பது என்பதே பிறகு வரும் சோதனை. ஆபாசத்தைப் பற்றி வாலிபர் கூட்டங்களில் பேசக் கூச்சப்படுகிறோம். கூச்சப்பட்டுக்கொண்டிருந்த நாள்களில் அது கைப்பேசி வழியாக உள்ளே வந்துவிட்டது.

உண்மையைச் சொல்லப்போனால், ஹெட்செட் செய்யும் என்று நாம் அஞ்சுகிறதைக் கைப்பேசி ஏற்கெனவே செய்துவிட்டது. டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் முன்னே ஐந்து பேரும் ஐந்து கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், காதில் ஆளுக்கொரு இயர்போன். இந்தக் காட்சிக்கு வி.ஆர். தேவைப்படவில்லை. தொலைக்காட்சிக்கு வந்திருக்கும் போட்டி தலையிலிருந்து வரவில்லை, உள்ளங்கையிலிருந்து வந்திருக்கிறது. அதனால்தான் ஹெட்செட்டுக்குக் குடும்பத்தில் காலியிடம் குறைவு என்று சொல்லுகிறேன். கூடிப் பார்க்க டி.வி. இருக்கிறது, தனித்துப் பார்க்கக் கைப்பேசி இருக்கிறது. மூன்றாவதாக வருகிறவர் உட்கார எங்கே இடம்?

அதற்கேற்ற இடங்கள் இல்லாமலில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டுப் பிரிக்கும் நேரத்தில் பனி உலகம் ஒன்றை ஹெட்செட்டில் காட்டி, வேதனையை மறக்கச் செய்யும் முறையை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் உருவாக்கினார்கள். மருத்துவ மாணவர் அறுவைச் சிகிச்சையைப் பழகவும் இது உதவுகிறது. இவை தொலைக்காட்சியால் செய்ய முடியாத வேலைகள்.

ஹெட்செட்டில் கூடிய சபை

சபைக்கும் இது வந்துவிட்டது. அமெரிக்காவில் டி.ஜே. சோட்டோ என்ற போதகர் 2016-இல் முழுவதும் மெய்நிகர் உலகத்திலேயே கூடும் வி.ஆர். சர்ச் என்ற சபையைத் தொடங்கினார். விசுவாசிகள் தத்தம் வீடுகளிலிருந்து ஹெட்செட் மாட்டிக்கொண்டு, பொம்மை உருவங்களாக ஒரே கூடத்தில் கூடினார்கள். வீட்டைவிட்டு வெளியே வர இயலாத நோயாளிகளுக்கு இது ஆறுதலாய் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஊரிலுள்ள தாய்ச்சபையின் ஆராதனையில் மும்பையிலிருந்தபடியே உட்கார முடியுமானால் நம்மில் எத்தனை பேர் ஓடிப் போவோம்! 2020-இல் ஊரடங்கு வந்தபோது ஒரு கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக் குடும்பமாக ஆராதித்த நமக்கு அந்த ஏக்கம் புரியும்.

அங்கே மெய்நிகர் நீரில் ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். இங்கேதான் நான் நின்றுவிடுகிறேன். பிலிப்புவும் எத்தியோப்பிய மந்திரியும் வழியில் தண்ணீரைக் கண்டு இருவருமாக அதில் இறங்கினார்கள் (அப்போஸ்தலர் 8:38). இரதத்தில் உட்கார்ந்தபடி இறங்கியதாகப் பாவித்துக்கொள்ளவில்லை. முழுக்கு ஞானஸ்நானத்துக்காக உறவினரின் பகையையும் ஏற்றுக்கொண்ட முன்னோர்களின் பிள்ளைகள் நாம். தலைமயிர் நனையாத ஞானஸ்நானத்தை நாம் எப்படி ஏற்பது?

இன்னொரு பாடமும் அங்கே நடந்தது. அமெரிக்காவிலுள்ள லைஃப்.சர்ச் என்ற பெரிய சபையும் 2021 டிசம்பரில் ஆல்ட்ஸ்பேஸ் என்ற மெய்நிகர் தளத்தில் ஆராதனை தொடங்கியது. வி.ஆர். சர்ச்சும் அதே தளத்தில் கூடிவந்தது. அந்தத் தளம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குச் சொந்தம். 2023 மார்ச் 10 அன்று அந்த நிறுவனம் அதை மூடிவிட்டது. வாடகைக் கட்டடத்தில் சபை நடத்திக் காலி செய்யச் சொல்லப்பட்ட அனுபவம் நகரத்துச் சபைகளுக்குப் புதிதல்ல. ஆனால் காலி செய்தாலும் நாற்காலியையும் தபேலாவையும் நாம் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம். அங்கே கட்டிய கூடம், பீடம், நாற்காலி ஒன்றும் மிஞ்சவில்லை. மனிதர்கள் மாத்திரம் வேறு தளம் தேடிப் போனார்கள்.

இந்த இடத்தில் சிலர் வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்து, நெற்றியில் கட்டும் கருவி மிருகத்தின் முத்திரை என்பார்கள். வேறு சிலர், சோதனைக்காரன் உலகத்தின் ராஜ்யங்களையெல்லாம் நம் ஆண்டவருக்கு ஒரு நொடியில் காட்டியதுதான் (லூக்கா 4:5) முதல் வி.ஆர். என்று பிரசங்கிப்பார்கள். கேட்பதற்குச் சுவையாக இருக்கலாம். வசனம் அப்படிச் சொல்லவில்லை. கழற்றி மேஜைமேல் வைத்துவிடக்கூடிய ஒன்றை முத்திரை என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தினால், அவர்கள் நம் மற்ற எச்சரிப்புகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

பிள்ளை ஏற்கெனவே வாங்கிவிட்டான், அல்லது வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டார் என்றால், என்ன செய்யலாம்? வயதை முதலில் பாருங்கள். விஷன் புரோவை 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு என்று ஆப்பிள் செய்யவில்லை. மெட்டாவும் 13 என்றே வைத்திருந்தது. 2023-இல் பெற்றோர் கண்காணிக்கும் கணக்கோடு 10 வயது என்று தளர்த்தியது. செய்தவர்களே போட்ட எல்லை இது. அதற்குக் கீழே நாம் இறங்க வேண்டாம். நின்று விளையாட வேண்டுமானால் ஆறரை அடிக்கு ஆறரை அடி வெற்றிடம் வேண்டும் என்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் அடுப்பும் கட்டிலும் பீரோவும் போக அது மிஞ்சாது, ஆகவே உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்துவது நல்லது. அடுப்பு எரியும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். தலை சுற்றினால் பொறுத்துக்கொண்டு தொடராமல் உடனே கழற்ற வேண்டும்.

மற்றொரு வசதியும் குவெஸ்ட் கருவிகளில் இருக்கிறது. தலையில் மாட்டியிருப்பவர் காண்பதை அப்படியே கைப்பேசிக்கோ, அதற்கேற்ற கருவி பொருத்திய தொலைக்காட்சிக்கோ அனுப்பலாம். காஸ்டிங் என்று அதன் பெயர். மகன் கடலடியில் திமிங்கலத்தைப் பார்க்கும்போது, அதே திமிங்கலத்தை அம்மாவும் தங்கையும் பாயில் உட்கார்ந்து டி.வி.யில் பார்ப்பார்கள், "இந்தப் பக்கம் திரும்பு, அண்ணா" என்று தங்கை கத்துவாள். கருவியை வீட்டுக்குள் அனுமதிக்கிறவர்கள் இதையே நிபந்தனையாக வைக்கலாம்: டி.வி. ஓடினால் மாத்திரம் ஹெட்செட்.